லெந்து நாட்களில் இறங்கிய நம்பர்

அந்த நம்பர் இறங்கும் என்று என்னிடம் முதலில் சொன்னது ரோஸ்லின் அக்காதான். போன வருஷம், சாம்பல் புதன் அன்றைக்கு. ஆராதனை முடிந்து கோயில் வாசலில் செருப்புத் தேடிக்கொண்டிருக்கிறேன், அக்கா வந்து என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "எப்சிக்கு எவ்வளவு இருக்கு?" என்றார்கள். ஆயிரத்து நூற்று நாற்பது என்றேன். "இவ்வளவுதானா? எங்க மச்சினி மகளுக்கு ஆயிரத்து எழுநூறு. உபவாசம் இருந்து ஜெபிச்சோம், நாலே மாசம், முந்நூறுக்கு வந்துட்டு. நீ ஈஸ்டருக்கு முந்தின இந்த லெந்து நாப்பது நாளும் பிடிச்சுக்கோ. இறங்கும், நான் சொல்லுதேன்" என்றார்கள்.

நான் ரோஸ்லின் அக்காவைக் குறை சொல்லவில்லை. யாரையுமே குறை சொல்லவில்லை, பிள்ளை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், அவ்வளவுதான்.

உன் கையில் இருக்கிற சீட்டைப் பார்த்தேன். டி.எஸ்.எச். என்று போட்டு, கீழே ஆன்டிபாடி என்றும் எழுதியிருக்கிறது, இல்லையா? அதனால்தான் வாய் திறந்தேன். இல்லையென்றால் முன்பின் தெரியாதவர்களிடம் வீட்டு விஷயம் பேசுகிற ஆள் நான் இல்லை. உனக்குக் குளிரவில்லையா? வெளியே அக்கினி வெயில், தார் உருகுகிறது, இந்த லேபில் ஏசியை எதற்கு இப்படி வைக்கிறார்கள்? எனக்கு விரல் நுனியெல்லாம் மரத்துப்போகிறது. உனக்கு இல்லையா? சரி, சின்ன வயசு.

எப்சி என் மகள். எப்சிபா. மூத்தவன் சாமுவேல், ஓசூரில் வேலை, இவள் இளையவள். அவர்கள் அப்பா தவறிய பிறகு நான் பள்ளிக்கூட ஹாஸ்டலில் சமையல் பார்த்து வளர்த்த பிள்ளைகள். நான் எட்டாம் வகுப்பு. அவள் எம்.எஸ்சி., பி.எட். முடித்து இங்கே பாளையங்கோட்டையிலேயே டீச்சராக இருக்கிறாள். கட்டிக்கொடுத்து மூன்று வருஷம். மாப்பிள்ளை கிளமென்ட், நல்ல பையன்தான், வாய் பேச மாட்டார். அவர் அம்மா, எங்கள் சம்பந்தியம்மா, அவர்களோடுதான் இருக்கிறார்கள், மகனுக்கும் சேர்த்து அவர்களே பேசுவார்கள். எல்லாரும் ஒரே கோயில். சம்பந்தியம்மா பெண்கள் பக்கம் மூன்றாவது பெஞ்சு.

கல்யாணமாகி ஒரு வருஷம் கழித்து எப்சிக்குத் தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் பையைக்கூட இறக்காமல் படுத்துவிடுவாள். முகம் உப்பியது. மாதாமாதம் வர வேண்டியது முறை தவறியது. நான்தான் டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். நான்தான். அதை இப்போது யாரும் சொல்வதில்லை.

ரத்தம் எடுத்தார்கள். டி.எஸ்.எச். பதினொன்று, நாலரைக்குள் இருக்க வேண்டியது. ஆன்டிபாடி முப்பத்துநாலுக்குள் இருக்க வேண்டும் என்று பக்கத்திலேயே அச்சடித்திருக்கிறார்கள். இவளுக்கு ஆயிரத்து நூற்று நாற்பது. டாக்டரம்மா பொறுமையானவர்கள். ஒரு தாளில் கழுத்தை வரைந்து, நடுவில் பட்டாம்பூச்சி மாதிரி ஒன்றைப் போட்டு, "இதுதாம்மா தைராய்டு சுரப்பி. கிருமி வந்தா அடிச்சு விரட்ட உடம்புக்குள்ள ஒரு காவல் இருக்கு. இவங்களுக்கு அந்தக் காவலே இந்தச் சுரப்பிய வெளியாள்னு நெனச்சு அடிக்குது. அடிக்குதான்னு தெரிஞ்சுக்கத்தான் இந்த ஆன்டிபாடி டெஸ்ட். காரணம் தெரிஞ்சாச்சு, போதும். இனிமே அத எடுக்க வேண்டாம். அது ஐநூறு இருந்தாலும் ஒண்ணுதான், ஆயிரம் இருந்தாலும் ஒண்ணுதான். நாம பாக்க வேண்டியது சுரப்பி சரியா சுரக்குதான்னு காட்டுற டி.எஸ்.எச். அதுக்குத்தான் மாத்திரை. காலையில வெறும் வயித்துல, ஒரு நாளும் விடாம" என்றார்கள்.

ஐநூறும் ஆயிரமும் ஒன்றா? எட்டாம் வகுப்புப் படித்த எனக்கே அது ஒன்றில்லை என்று தெரியும். ஒன்று என்றால் எதற்கு நம்பர் போடுகிறார்கள்? இருக்கிறது, இல்லை என்று எழுதிவிட்டுப் போக வேண்டியதுதானே. நம்பரை எழுதிக் கையில் கொடுத்துவிட்டு அதைப் பார்க்காதே என்றால் பெற்றவள் எப்படிப் பார்க்காமல் இருப்பாள்? அதுவுமில்லாமல், காவல் காவல் என்கிறார்கள். அது என்ன காவல்? கூடவே இருந்த பிள்ளையை அடையாளம் தெரியாமல் அடிக்கிற காவல்?

அப்புறம், "குடும்பத்துல வேற யாருக்காவது தைராய்டு உண்டா?" என்று கேட்டார்கள். கேட்டுக்கொண்டே என் கழுத்தைப் பார்த்தார்கள். "இது வீட்டுக்குள்ள வழிவழியா வரும்மா. அம்மாவுக்கு இருந்தா மகளுக்கும் வரலாம். நீங்களும் ஒரு தடவ ரத்தம் குடுத்துப் பாருங்களேன்." "எங்க பக்கம் யாருக்கும் கிடையாது டாக்டர், நான் கல்லு மாதிரி இருக்கேன்" என்றேன். என் தொண்டை கட்டியிருப்பது பாடகர் குழுவில் உச்சத்தில் பாடியதால். எப்சிக்கு வந்தது அவள் போன வீட்டில் வந்த கவலை. அதையும் சொன்னேன். அவர்கள் எழுதிக்கொள்ளவில்லை.

வெளியே வந்ததும் எப்சி, "அம்மா, இத யார்கிட்டயும் சொல்லாதீங்க. அத்தைக்குத் தெரிஞ்சா பிள்ள உண்டாகாததுக்கு இதையே பிடிச்சுக்கிடுவாங்க. அவங்ககிட்ட மட்டும் நான் சொல்லிக்கிடுதேன்" என்றாள். அவங்க என்றால் கிளமென்ட். நான் யாரிடமும் சொல்லவில்லை. ரோஸ்லின் அக்காவிடம் மட்டும். ஜெபத்துக்காக. ஜெபத்துக்காகச் சொல்வது சொல்வதில் சேராது.

சாம்பல் புதன் தொடங்கி நாற்பது நாளும் மத்தியானம் வரை பச்சைத்தண்ணீர்தான். மூன்று வாரத்துக்கு ஒருமுறை எப்சியைக் கூட்டிக்கொண்டு போய் ஆன்டிபாடி மட்டும் எடுத்தேன். சீட்டு எதற்கு? கவுண்டரில் கேட்டால் எடுத்துத் தருகிறார்கள். "அம்மா, டாக்டர்தான் வேண்டாம்னு சொன்னாங்கல்லா" என்பாள். "ஜெபிக்கிறவளுக்குப் பதில் வருதான்னு பாக்க வேண்டாமா?" என்பேன். கையை நீட்டிவிடுவாள். நல்ல பிள்ளை. அப்போதெல்லாம் நல்ல பிள்ளை.

டாக்டரம்மா எழுதிக் கொடுத்த முதல் தடவை இந்த லேப். அடுத்த தடவை இங்கே கூட்டமாக இருந்ததால் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இன்னொன்று: தொள்ளாயிரத்து ஐந்து. ஈஸ்டருக்கு மூன்று நாள் முன்னால், பெரிய வியாழன் அன்று வேறொன்று, அது புது லேப்: அறுநூற்று நாற்பது. அந்தத் தாளை வேதப்புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு அழுதேன். அதே வாரம் டாக்டரம்மா டி.எஸ்.எச். பார்த்தார்கள். பதினொன்றாக இருந்தது இரண்டரை. "ரொம்ப நல்லா வந்திருக்கு. இதே மாத்திரையத் தொடருங்க" என்றார்கள். நல்லா வந்திருக்கு என்று அவர்கள் வாயாலேயே சொன்னார்கள். நான் இட்டுக்கட்டவில்லை.

எங்கள் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு நன்மை நடந்தால் கவரில் ஸ்தோத்திரக் காணிக்கை போட்டு, மேலே பெயரும் காரணமும் எழுதிக் கொடுப்போம். பரீட்சையில் பாஸானது, வீட்டுக்குக் கான்கிரீட் போட்டது, ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, எல்லாம் எழுதுவோம். போதகர் ஐயா பீடத்தில் நின்று ஒவ்வொன்றாக வாசிப்பார்கள். ஈஸ்டர் அன்றைக்குக் கோயில் கொள்ளாத கூட்டம். நான் எழுதிக் கொடுத்தது, "என் மகள் எப்சிபா கிளமென்ட்டின் தைராய்டு வியாதியைக் கர்த்தர் பூரணமாகச் சுகமாக்கினதற்காக." ஐயாவுக்குக் குரல் கணீர் என்று இருக்கும். அன்றைக்கு மைக்கும் சேர்ந்துகொண்டது.

"பேரு போடாம 'ஒரு சகோதரி'ன்னு எழுதியிருக்கலாம்லாம்மா" என்று சாமுவேல் பிற்பாடு கேட்டான். ஆண்டவரிடம் வாங்கும்போது பெயரைச் சொல்லிச் சொல்லித்தானே வாங்கினேன்? நன்றி சொல்லும்போது மட்டும் பெயரை மறைக்கிறதா?

மூன்றாவது பெஞ்சில் சம்பந்தியம்மா தலை அப்படியே திரும்பியது. எப்சி தலையைக் குனிந்துகொண்டாள். அவள் ஜெபிக்கிறாள் என்று நினைத்தேன்.

சாயங்காலம் கேக் வாங்கிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். சம்பந்தியம்மா வாசலிலேயே, "வாங்க மதினி, வாங்க. எங்க மருமகளுக்குச் சீக்கு இருந்ததையும் அது போனதையும் ஒரே நாள்ல தெரிஞ்சுக்கிட்டேன். வீட்டுல இருக்கவளுக்குத்தான் கடைசியில தெரியுது. சரி, போனது நெசந்தான? பின்ன பிரிட்ஜ் மேல இந்த மாத்திரை டப்பா எதுக்கு இருக்கு?" என்றார்கள்.

எனக்குச் சுரீர் என்றது. பூரண சுகம் என்று சபை முன்னால் வாசித்தாகிவிட்டது. மறுநாள் காலையில் எழுந்து அதே மாத்திரையைப் போட்டால் யாரைப் பொய்யராக்குகிறோம்? என்னை விடு. நான் யார்? ஆண்டவரை அல்லவா! "அது பழைய டப்பா மதினி. இனிமே வேண்டியதில்ல" என்றேன்.

அடுக்களைக்குள் எப்சி மெதுவாக, "டாக்டர் நிறுத்தச் சொல்லலம்மா. காலையில பேசவேண்டியத நீங்க பேசிட்டீங்க, இதையாவது விடுங்க" என்றாள். "உனக்கு விசுவாசம் இல்லையா?" என்று கேட்டேன். கோபமாகக் கேட்கவில்லை. நான் குரல் உயர்த்துகிறவள் இல்லை, உயர்த்தினதே இல்லை. டப்பாவை எடுத்து என் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்தேன்.

அவள் வேறு டப்பா வாங்கியிருக்கலாம். படித்தவள். சம்பளம் வாங்குகிறவள். தெருமுனையில் மருந்துக்கடை. யார் தடுத்தது? இதைத்தான் எல்லாரிடமும் கேட்கிறேன், யார் தடுத்தது?

ஜூலையில் அவள் முழுகாமல் இருந்தாள். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பார்த்தாயா என்றேன். சம்பந்தியம்மாகூட அன்றைக்கு எனக்குக் காப்பியில் சர்க்கரை கேட்டுப் போட்டார்கள். ஏழாவது வாரம் டாக்டரம்மாவிடம் போனோம். டி.எஸ்.எச். இருபத்திரண்டு. "மாத்திரை எப்ப நிறுத்துனீங்க?" என்று கேட்டார்கள். எப்சி என்னைப் பார்க்காமலேயே "ஈஸ்டர்ல" என்றாள். நான் என் பையிலிருந்த மூன்று தாளையும் எடுத்து மேசையில் வைத்தேன். ஆயிரத்து நூற்று நாற்பது, தொள்ளாயிரத்து ஐந்து, அறுநூற்று நாற்பது. இறங்கியிருக்கிறது பாருங்கள் டாக்டர் என்றேன்.

அவ்வளவு பொறுமையானவர்கள் அன்றைக்குக் கையில் இருந்த பேனாவைக் கீழே போட்டுவிட்டார்கள். "இத யாரு எடுக்கச் சொன்னா? ஒண்ணு இந்த லேபு, ஒண்ணு அந்த லேபு. ஒவ்வொரு மெஷினும் ஒரு கணக்கு காட்டும். ஒரே லேபுல இறங்கியிருந்தாலும் நோய் போயிட்டுன்னு அர்த்தம் இல்லம்மா. டி.எஸ்.எச். சரியானது மாத்திரையால. மாத்திரைய எடுத்துட்டீங்க, அது ஏறிட்டு. முதல் மூணு மாசம் வயித்துல இருக்க பிள்ளைக்குத் தானா சுரக்காது, தாய்கிட்ட இருந்துதான் போகணும். இவங்ககிட்டயே இல்லன்னா அது எங்க போகும்?" என்றார்கள். அன்றைக்கே மாத்திரையை முன்னைவிடக் கூட்டி எழுதிக் கொடுத்தார்கள். எப்சி ஆட்டோவில் ஏறும் முன் கடையில் தண்ணீர் பாட்டில் வாங்கி, நின்ற இடத்திலேயே ஒன்று போட்டாள். வெறும் வயிறு இல்லையே பிள்ளை என்றேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பத்தாவது வாரம் கலைந்து போய்விட்டது.

அப்புறம் ஒருநாள் நான் டாக்டரம்மாவிடம் தனியாகப் போனேன். இதனால்தானா என்று கேட்டேன். "இதனாலதான்னு உறுதியாச் சொல்ல முடியாதும்மா. பல காரணம் இருக்கலாம். இதுவும் ஒண்ணா இருக்கலாம்" என்றார்கள். கேட்டுக்கொண்டாயா? உறுதியாகச் சொல்ல முடியாது என்று டாக்டரே சொல்லிவிட்டார்கள். நான் அதைச் சாமுவேலிடம் சொன்னேன், கிளமென்ட்டிடம் சொன்னேன், கோயில் பெண்கள் சங்கத்தில் எழுந்து நின்று சொன்னேன். என்ன நடந்தது என்று நாலு பேருக்குத் தெரிய வேண்டாமா? அரைகுறையாகத் தெரிந்துகொண்டு என் பின்னால் பேசுவதைவிட.

கரு கலைந்த அன்றைக்கு ஆஸ்பத்திரியில் எப்சி கட்டில் பக்கத்தில் முழங்கால் போட்டேன். கண்ணை மூடி இரண்டு வார்த்தை ஆரம்பித்திருப்பேன். அவள் சுவர்ப்பக்கம் முகத்தை வைத்துக்கொண்டே, "அம்மா, எனக்காக ஜெபம் பண்ணாதீங்க. எந்திச்சுப் போங்க" என்றாள். கொலை செய்த தாயிடம்கூட ஒரு மகள் சொல்லக்கூடிய வார்த்தையா அது? நீயும் ஒருத்திக்கு மகள்தானே, நீயே சொல்லு. சரி, சொல்ல வேண்டாம்.

ஆகஸ்ட்டிலிருந்து பேச்சு கிடையாது. வீட்டுக்குப் போனால் கிளமென்ட் கதவைப் பாதி திறந்து, "அத்தை, அவ தூங்குதா" என்பார். பகல் பதினொரு மணிக்கு. உள்ளே மிக்ஸி ஓடுகிற சத்தம் கேட்கும். கோயிலுக்கும் வருவதில்லை, வேறு கோயிலுக்குப் போகிறாளாம். கிறிஸ்மஸுக்கு முறுக்கும் அச்சுமுறுக்கும் செய்து வாசல் கம்பியில் மாட்டிவிட்டு வந்தேன். இரண்டு நாள் கழித்துத் தூக்குவாளி கழுவித் திரும்பி வந்தது, சாமுவேல் கையில். உள்ளே ஒன்றும் இல்லை. சாப்பிட்டாளா என்று கேட்டேன். "எனக்குத் தெரியாதும்மா" என்றான்.

இப்போது அவள் மறுபடியும் உண்டாகியிருக்கிறாள். அவளாகச் சொல்லவில்லை. சாமுவேல்தான் போனில், "அம்மா, சொன்னா நீங்க கோயில்ல எழுதிக் கொடுத்திரக் கூடாது. சத்தியம் பண்ணுங்க" என்றான். பெற்ற மகன் தாயிடம் சத்தியம் வாங்குகிறான். பண்ணினேன். எழுதிக் கொடுக்கவில்லை. ரோஸ்லின் அக்காவிடம்கூடச் சொல்லவில்லை, இன்னும் சொல்லவில்லை. மாத்திரையை ஒரு நாள் விடாமல் போடுகிறாளாம். நாலு வாரத்துக்கு ஒருமுறை டி.எஸ்.எச். இந்த லேப்தான். ஆன்டிபாடி எடுப்பதே இல்லையாம். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. ஒரு தடவை எடுத்தால் என்ன? இப்போது எவ்வளவு இருக்கிறது என்று தெரிய வேண்டாமா? நீ எடுக்கிறாய்தானே? வந்ததும் எனக்கு ஒரு தடவை காட்டு. பார்த்துவிட்டுத் தந்துவிடுகிறேன்.

போன தடவை அவள் வருகிற நாள் தெரிந்து நான் வந்து உட்கார்ந்திருந்தேன். அன்றைக்குச் சனிக்கிழமை. கவுண்டரில் இருக்கிற பிள்ளை, "டெஸ்ட் இல்லாம உக்காரக் கூடாதும்மா, கூட்டமா இருக்கு" என்றாள். எதையாவது எடு என்றேன். அவளும் என் கழுத்தைத்தான் பார்த்தாள். "தைராய்டு எடுக்கட்டா? ஆன்டிபாடியும் சேர்த்து?" என்றாள். ஊசி போட்டு எடுத்தார்கள். பஞ்சை அமுக்கிப் பிடித்துக்கொண்டு இதே வரிசையில்தான் இருந்தேன். எப்சி உள்ளே வந்தாள். லேசாக வயிறு தெரிந்தது. மற்றவர்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரிந்தது. என்னைப் பார்த்தாள். பார்த்ததும் நின்றாள். அப்படியே திரும்பிப் போய்விட்டாள், ரத்தம் கொடுக்காமலே. ஓடவில்லை, மெதுவாகத்தான் போனாள். சாமுவேல் அன்றைக்கு என்னைப் போனில் சத்தம் போட்டான். "திங்கக்கிழமை போய்க் குடுத்துட்டா. இனிமே அங்க போய் நிக்காதீங்கம்மா. அந்த டெஸ்ட் தள்ளிப் போகக் கூடாது, உங்களுக்கே தெரியும்லா?" என்றான். எனக்கே தெரியும். எனக்குத் தெரியாமலா? எனக்குத்தான் முதலில் தெரியும்.

என் ரிப்போர்ட்டா? இந்தா, பைக்குள் கிடக்கிறது, ஒட்டின கவர் ஒட்டினபடி. எனக்கு எதற்கு அது? கவர் பின்பக்கம் வெள்ளையாக இருக்கிறது, ஜெபக்குறிப்பு எழுதி வைத்திருக்கிறேன். முதல் பெயர் அவளுடையதுதான். பண்ணாதே என்றால் விட்டுவிட முடியுமா?

அந்தத் திங்கட்கிழமையிலிருந்து எண்ணினேன். நாலு வாரம் இன்றைக்கு. பேச வரவில்லை, பார்க்கத்தான் வந்தேன். தூரத்தில் நின்று பார்த்தால் போதும். எட்டரைக்கெல்லாம் வந்துவிடுவாள், வெயிலுக்கு முன்னால். எனக்கு மனதுக்குள் ஒரே பயம், என்னைப் பார்த்துவிட்டு இன்றைக்கும் திரும்பிப் போய்விட்டால்? அவள் போனால் பரவாயில்லை. அந்த ரத்தம் கொடுக்காமல் போகக் கூடாது.

அதோ, ஆட்டோ நிற்கிறது பார். கிளமென்ட்தான் இறங்குகிறார். பின்னால், பச்சைச் சுடிதார். கையை இடுப்பில் கொடுத்துக்கொண்டு... வயிறு நன்றாகத் தெரிகிறது இப்போது. நான் எழுந்துவிடுகிறேன். அந்த எக்ஸ்ரே அறைக்கு அந்தப் பக்கம் ஒரு தூண் இருக்கிறது, அங்கே நின்றால் இங்கிருந்து தெரியாது, நான் பார்த்து வைத்திருக்கிறேன்.

பிள்ளை, ஒரே ஒரு உதவி. எத்தனை பேர் நிற்கிறார்கள் பார், உட்கார ஒரு இடம் கிடையாது. நான் எழுந்ததும் இந்த நாற்காலியில் உன் பையை வைத்துக்கொள். யாரும் வந்து உட்கார்ந்துவிடக் கூடாது. அவள் பக்கத்தில் வந்ததும் பையை எடுத்துவிட்டு, உட்காருங்க என்று சொல்லு. யார் இடம் என்று கேட்டால் உன்னுடையது என்று சொல்லிவிடு.